தாத்தா கருங்காலியா, காந்தியவாதியா? ஒரு ரயில்வேக்காரரின் கதை

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோழவந்தான் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். போன வாரம் பரணைக் காலி செய்தபோது அம்மாவின் அப்பா வைத்திருந்த தகரப் பெட்டி கிடைத்தது. இன்ஜின் டிரைவர்கள் லைனுக்குப் போகும்போது தூக்கிப்போவார்களே, அந்தப் பெட்டி. உள்ளே சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கண்ணாடி உடைந்த கைவிளக்கு, கதர் துண்டு ஒன்று, சில காகிதங்கள். அடியில் ஒரு பெரிய இரும்பு ஸ்பேனர்.

தாத்தா 1945ல் இருபது வயதில் மதுரை லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தவர். இன்ஜினுக்கு அடியில் படுத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் வேலை. அடுத்த வருடம் பிப்ரவரியில் காந்தி மதுரைக்கு வந்தார். ஷெட்டில் பாதிப் பேர் பார்க்க ஓடிவிட்டார்கள், இவரும்தான். கூட்டத்தில் தலைகூடத் தெரியவில்லையாம். ஆனாலும் அன்றிலிருந்து கதர், கறி கிடையாது, கைநீட்டுவது கிடையாது. அம்மாவையோ மாமாக்களையோ ஒரு நாள்கூட அடித்ததில்லை. எங்கள் தெருவில் அது பெரிய அதிசயம்.

பயர்மேன், ஷண்டர், அப்புறம் கூட்ஸ் டிரைவர். 1974 மே ஸ்டிரைக்கில் வேலை போய், 77ல் திரும்பக் கிடைத்து, 83ல் ஓய்வு. 86ல் சுயேச்சையாக நின்று ஊராட்சித் தலைவர் ஆனார். ஒரே ஒரு முறைதான். அதற்கப்புறம் எவ்வளவு கெஞ்சியும் நிற்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், தாத்தாவோடு வேலை பார்த்தவரின் மகன், சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, "உங்க தாத்தாவா? அந்தக் கருங்காலியா?" என்று கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தாத்தா ஸ்டிரைக்கின்போது ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவர். அப்புறம் ஏன் அந்தச் சொல்?

வீட்டில் சொல்லும் கதை இது. ஸ்டிரைக் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸில் இருந்தால் பிடித்துவிடுவார்கள் என்று நாலைந்து பேர் எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் ஒளிந்திருந்தார்கள். பாட்டிதான் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவார். ஒரு ராத்திரி அவர்களில் சிலர் லைனில் ஃபிஷ்பிளேட்டை, அதாவது இரண்டு தண்டவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றுவது பற்றிப் பேசியிருக்கிறார்கள். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எழுந்து போய், ஆளில்லாத கேட்டுக்குப் பக்கத்தில் தண்டவாள ஓரமாகச் சிவப்புக் கொடியோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். விடிகிற நேரம் ரோந்து வந்த போலீஸ், தண்டவாளத்தைப் பெயர்க்க வந்தவன் என்று அவரையே பிடித்துக்கொண்டு போய்விட்டது!

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை என்பது பாட்டி கட்சி. இரண்டே வாரத்தில் வெளியே வந்துவிட்டாரே, எப்படி என்பது எதிர்க்கட்சி. எந்தப் பக்கம் உண்மை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

---

செங்கொடி74:

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவன். உங்கள் தாத்தா போகவில்லை, ஆகவே அந்தச் சொல் பொருந்தாது. ஆனால் அந்த மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மே 8ல் ஸ்டிரைக் தொடங்கும் முன்பே ஸ்டிரைக்கின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் உள்ளே போய்விட்டார். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கைது. டெரிட்டோரியல் ஆர்மி ஆட்களை வைத்து வண்டி ஓட்டினார்கள். விசாரணையே இல்லாமல் ரயில்வே ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 14(2)ஐக் காட்டி வேலையை விட்டுத் தூக்கினார்கள். கேட்டது என்ன? எட்டு மணி நேர வேலை, போனஸ், மற்ற பொதுத்துறைக்குச் சமமான சம்பளம். எதிரில் அவ்வளவு பெரிய பலம் நிற்கும்போது, இந்தப் பக்கம் ஒருவர் கொடியோடு போய்த் தண்டவாளத்தைக் காவல் காத்தால், அவர் யாருடைய வண்டியைக் காப்பாற்றினார்? ஸ்டிரைக்கை உடைக்க ஓடிய வண்டியைத்தானே?

---

மீட்டர்கேஜ்:

தோழர், அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தது அரசாங்கம் இல்லை. திண்டுக்கல் சந்தைக்குப் போன பூ வியாபாரி.

நான் 1979ல் பயர்மேனாகச் சேர்ந்தவன், 74 ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஃபிஷ்பிளேட் கழற்றலாம் என்ற பேச்சு பல இடத்தில் இருந்திருக்கிறது. கழற்றலாம் என்று சொன்னதில் முக்கால்வாசிப் பேர் ஆஃபீஸ், ஸ்டோர்ஸ் ஆட்கள். இன்ஜின் ஓட்டியவன் அதைச் சொல்ல மாட்டான். ஏன் தெரியுமா? கர்வில் திரும்பும்போது முன்னால் லைன் இருக்கிறதா என்று அவன் பார்ப்பது கிடையாது. இருக்கும் என்று நம்பித்தான் நீராவியை விடும் ரெகுலேட்டரைத் திறக்கிறான். முப்பது வருஷம் அந்த நம்பிக்கையில் சோறு தின்றவனுக்கு, லைனைப் பெயர்ப்பது தாய் வயிற்றில் உதைக்கிற மாதிரி. இதில் காந்தி பாதி, லோகோ பாதி.

---

அரசரடி அக்கா:

மீட்டர்கேஜ் அண்ணன் சொன்னது சரி. ஆனால் எங்களுக்கு அந்த மே மாதம் வேறு மாதிரி. எங்கப்பா கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் வேலை. அவரைப் பிடித்துப் போன மறுநாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். சட்டி பானை, பாய், என் தம்பியின் தொட்டில் எல்லாம் வாசலில். அக்கினி நட்சத்திர வெயில். இரண்டு ராத்திரி புளியமரத்தடியில் படுத்தோம், எனக்கு அப்போது ஏழு வயது. மூன்றாம் நாள் மரத்தடிக்கு ஒரு மூட்டை அரிசி வந்தது. யார் கொடுத்தது என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

அகிம்சை நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு யாராவது என்னிடம் ஸ்பேனரைக் கொடுத்திருந்தால் நானே கழற்றியிருப்பேன்.

---

ஏட்டுச்சுரைக்காய்:

நான் வரலாறு படிக்கிற ஆள், கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நம் பக்கத்து ரயில்வேக்காரர்களுக்கு இந்தச் சண்டை 1928லேயே வந்தது. தென்னிந்திய ரயில்வே, நாகப்பட்டினம் முதலான இடங்களில் இருந்த பணிமனைகளைப் பொன்மலைக்கு மாற்றி, ஆட்குறைப்பு செய்யப் பார்த்தது. அந்த ஜூலையில் லைன் முழுக்க வேலைநிறுத்தம். பத்து நாள் போல நின்றது, பிறகு நசுக்கிவிட்டார்கள். சதி வழக்குப் போட்டு சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்து வருடத் தண்டனை. பிற்பாடு குறைத்தார்கள், அது வேறு. 1946 செப்டம்பர் 5ல் பொன்மலையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். அங்கிருந்த ரயில்வேத் தொழிலாளர் சங்கத்தின் அனந்தன் நம்பியார் பிற்பாடு மூன்று முறை மக்களவைக்கே போனார். ஆக, ரயில்வேயிலிருந்து அரசியலுக்குப் பாதை போட்டதே இந்த மாதிரிப் போராட்டங்கள்தான்.

அகிம்சை பக்கம் வந்தால் வி.வி. கிரி. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் இல்லை, டப்ளினில் சட்டம் படித்தவர். 1928ல் வங்காள நாக்பூர் ரயில்வேத் தொழிலாளர்களை வன்முறையில்லாமல் நடத்திக்கொண்டு போனவர் என்ற பெயர் உண்டு. அகில இந்திய ரயில்வேத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியதில் முக்கியமான ஆள். 1954ல், வங்கி ஊழியர்களுக்குச் சாதகமான தீர்ப்பை அரசு மாற்றியது என்று மத்திய அமைச்சர் பதவியையே தூக்கிப்போட்டார்.

இப்போது தேதியைப் பாருங்கள். 1974 மே மாதம், அரசரடி அக்கா புளியமரத்தடியில் படுத்திருந்த அதே ராத்திரிகளில், குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் யார்? அதே கிரி. அவர் பதவி முடிந்தது ஆகஸ்டில்.

---

செங்கொடி74:

அடேயப்பா. இந்தத் தேதிக் கணக்கு எனக்கு இத்தனை வருடம் உறைக்கவே இல்லை.

---

மேலூரான்:

கிரியை விடுங்கள், நம்ம ஊரிலேயே ஆள் இருக்கிறார். தும்பைப்பட்டி கக்கன். பூசாரி மகன். 1939 ஜூலை 8ல் வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். காந்தி பக்தர், எளிமைக்கு இன்றைக்கும் மேடையில் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் தரையில் படுத்துக் கிடந்த முன்னாள் அமைச்சரை எம்.ஜி.ஆர். வந்து பார்த்த கதையும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பு இங்கே மாசி வீதியில்தான் பற்றியது. பிறகு மாநிலம் முழுக்கத் துப்பாக்கிச்சூடு. அப்போது போலீஸ் இலாகா கக்கன் கையில். எங்கள் வீடே இரண்டு கட்சியாக இருந்தது. எங்கப்பா கக்கன் கட்சி, சித்தப்பா மாணவர் கட்சி. ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, தட்டை வைக்கிற சத்தத்தில்தான் அவர்கள் பேசிக்கொண்டது.

---

பந்திக்கு முந்து:

இழை தொடங்கியவருக்கு ஒரு வேண்டுகோள். தலைவராக இருந்தபோது என்ன நடந்தது, ஏன் மறுபடி நிற்கவில்லை? முக்கியமான இடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

---

வைகைக்கரை:

வேண்டுமென்றுதான் தாண்டினேன். சரி, சொல்கிறேன்.

எங்கள் ஊர் கண்மாயில் தண்ணீர் வற்றும்போது மீன்பாசி ஏலம் விடுவார்கள். தாத்தா தலைவரான மூன்றாவது வருடம் ஏலத்தில் தகராறு. இரண்டு தெரு, யார் யார் என்று எழுத வேண்டாம், உங்களுக்கே புரியும். முதல் நாள் தாத்தா நடுவில் போய் மடையில் உட்கார்ந்துகொண்டார். அன்று கலைந்தார்கள். மறுநாள் அரிவாளோடு வருகிறார்கள் என்று தகவல். எழுபதை நெருங்கிய யாரோ சொன்ன யோசனைப்படி, ஊர்க்காரர்கள் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். போலீஸ் பாதுகாப்பு கேட்டு மனு. தாத்தா கையெழுத்துப் போட்டார்.

போலீஸ் வந்தது, தடியடி நடந்தது. அரிவாள் தூக்கியவர்கள் ஓடிவிட்டார்கள். மீன் பொறுக்க வந்திருந்த பதினாலு வயதுப் பையனுக்குத்தான் கை முறிந்தது. கை சரியாகவே கூடவில்லை. அவர் இன்றைக்கும் எங்கள் ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார், இடது கையால்தான் ஆற்றுவார். தாத்தா பதவியில் இருந்த மிச்ச நாள் முழுக்க, தினமும் அந்தப் பையன் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிஷம் போய் உட்கார்ந்துவிட்டு வருவாராம். அவர்கள் வீட்டில் முதல் ஒரு வருடம் யாரும் வா என்று சொல்லவில்லை. ஆனாலும் போனார்.

தண்டவாளத்தில் போலீஸ் பிடித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வார். இதை அவர் வாயால் கேட்டதே இல்லை. எனக்குச் சொன்னது டீக்கடைக்காரர்தான்.

---

சிட்னி திருமங்கலத்தான்:

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் ஒரு ரயில்வேக்காரர் பிரதமரே ஆனார். பெயர் பென் சிஃப்லி. சிட்னிக்கு மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பாதர்ஸ்ட் என்ற ஊர். 1885ல் பிறந்தார், கொல்லர் மகன், 1903ல் ரயில்வேயில் கடைநிலையில் சேர்ந்து பத்துப் பதினோரு வருடத்தில் இன்ஜின் டிரைவர். உங்கள் தாத்தா ஏறின அதே ஏணி.

1917ல் நியூ சவுத் வேல்ஸில் பெரிய வேலைநிறுத்தம். சிஃப்லியின் வேலை போனது. திரும்ப எடுத்தபோது பழைய சீனியாரிட்டியைப் பறித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். நேற்றுவரை தனக்குக் கீழே இருந்தவன் டிரைவர், தான் பயர்மேன். அந்தக் கசப்பு அவரை விட்டுப் போகவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் உலகப் போருக்குக் கட்டாய ராணுவச் சேவை கொண்டுவர அங்கே 1916லும் 1917லும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு தடவையும் மக்கள் வேண்டாம் என்றார்கள், சிஃப்லியும் எதிர்ப்புப் பக்கம். ஆனால் அவரை அகிம்சாவாதி என்று சொல்ல முடியாது. இரண்டாம் போரின்போது நிதியமைச்சராகப் போர்ச் செலவைப் பார்த்துக்கொண்டவரே அவர்தான்.

1945 ஜூலையில் பிரதமர். 1949ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், குளிர்காலம், ஊரெல்லாம் இருட்டு. ஸ்டிரைக்கில் வேலையை இழந்த அதே சிஃப்லி என்ன செய்தார் தெரியுமா? ஆகஸ்ட் 1ல் ராணுவத்தைத் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு அனுப்பி நிலக்கரி அள்ள வைத்தார். இரண்டு வாரத்தில் ஸ்டிரைக் முடிந்தது. டிசம்பரில் தேர்தலில் தோற்றார்.

பாதர்ஸ்டில் அவர் ஓட்டிய 5112 என்ற நீராவி இன்ஜினை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் வீட்டையும் பார்த்தேன். நம்ம ரயில்வே காலனி வீட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பிரதமர் வீடு என்று சொன்னால் என் பையன் நம்பவில்லை.

---

செங்கொடி74:

பார்த்தீர்களா? கிரி, கக்கன், சிஃப்லி, கண்மாய்த் தலைவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரே காகிதத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

---

அரசரடி அக்கா:

போட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவர் ஒருத்தர்தானே, தோழர்?

---

பாதைக்காரன்:

தாமதமாக வருகிறேன். நான் ஓய்வுபெற்ற பி.டபிள்யூ.ஐ. அதாவது தண்டவாளம், கட்டை, ஜல்லி எல்லாம் என் பொறுப்பில் இருந்தது. உங்கள் விவாதமெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பதிவில் இருந்த ஒரு வரியை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை.

வைகைக்கரை தம்பி, அந்த ஸ்பேனர் எவ்வளவு நீளம்? வாய் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? எழுத்து ஏதாவது பொறித்திருக்கிறதா? படம் போட முடியுமா?

---

வைகைக்கரை:

படம் இணைத்திருக்கிறேன், ஐயா. இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கம்தான் வாய், மறுமுனை கடப்பாரை மாதிரி கூராகப் போகிறது. துருவுக்கு அடியில் ஏதோ எண் தெரிகிறது, படிக்க முடியவில்லை. பாட்டி இதை வைத்து எத்தனையோ வருடம் தேங்காய் உடைத்தாராம்.

---

பாதைக்காரன்:

நினைத்தேன். இது லோகோ ஸ்பேனர் இல்லை தம்பி. டிரைவர் பெட்டியில் இருப்பது குட்டையாக இருக்கும், இரண்டு பக்கமும் வாய் இருக்கும். இது கீமேன் தோளில் சுமந்து போகிற ஸ்பேனர். தினமும் காலையில் கீமேன் தன் பொறுப்பில் உள்ள தூரம் முழுக்க நடந்து, தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் சாவிகளைச் சுத்தியலால் தட்டி, தளர்ந்த ஃபிஷ்போல்ட்டை இதை வைத்துத்தான் முறுக்குவார். இரண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் இரண்டு ஃபிஷ்பிளேட், நாலு போல்ட். அது மழையிலும் வெயிலிலும் இறுகிக் கிடக்கும். நெம்ப இவ்வளவு நீளம் இல்லாமல் அசையாது. கையாலோ சின்ன ஸ்பேனராலோ கழற்றவே முடியாது.

இந்த ஸ்பேனர் கேங் ஆட்கள் கையெழுத்துப் போட்டு வாங்குகிற சாமான். ஒரு கூட்ஸ் டிரைவர் பெட்டிக்குள் இது வர ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. கொடிக்காலில் பேசியவர்கள் இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா எழுந்து போகும்போது கையோடு இதை எடுத்துப் போயிருக்கிறார். கொடியோடு உட்கார்ந்தது அப்புறம். முதலில் வேலையை நடக்கவிடாமல் செய்துவிட்டார்.

---

செங்கொடி74:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கலாமே. கழற்றப் போனதே அவராக இருக்கலாம். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிய பிறகு கை நடுங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டிருக்கலாம்.

---

மீட்டர்கேஜ்:

ஸ்பேனரோடு பிடித்திருந்தால் இரண்டு வாரத்தில் விட்டிருப்பார்களா? தண்டவாளத்தைப் பெயர்த்த கேஸ் ஆகியிருக்கும். 27, 28 தேதிவாக்கில் ஸ்டிரைக் வாபஸ் ஆனதும் சில்லறைக் கேஸ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். மே தொடக்கத்தில் பிடித்தவனுக்கு அது ஒரு மாதம், இவருக்கு இரண்டு வாரம். கருங்காலிப் பட்டம் அங்கேதான் முளைத்திருக்கும். ஆக, பிடிக்கும்போது அவர் கையில் ஸ்பேனர் இல்லை. அப்படியானால் எங்கே இருந்தது?

---

வைகைக்கரை:

இதைப் படித்ததும் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ராத்திரி தாத்தா கொல்லைப் பக்கமாக வந்து பாட்டியை எழுப்பியதும், பாட்டி எதையோ சேலைத் தலைப்பில் சுற்றி வாங்கிக் குதிருக்குள் நெல்லுக்கு அடியில் செருகியதும் ஞாபகம் இருக்கிறதாம். "நகைனு நெனச்சேன்டா" என்கிறார். மறுநாள் வீட்டைச் சோதனை போட வந்தவர்கள் குதிருக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்களாம், அடிவரை போகவில்லை.

அவர் எடுத்துப் போனதா, கழற்றப் போய்த் திரும்பி வந்ததா, அம்மாவுக்கும் தெரியாது. கல்யாணத்தில் அப்படிக் கேட்டவரின் அப்பா அந்த ஊரில் எந்த வேலையில் இருந்தார் என்று மட்டும் விசாரித்தேன். கீமேன்.

---

அரசரடி அக்கா:

ஆத்தாடி.

---

பாதைக்காரன்:

அப்படியானால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஒரு ஸ்பேனருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சாமான் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தக் கோபத்தில் வந்த சொல்லாகக்கூட இருக்கலாம்!

தம்பி, துருவை மண்ணெண்ணெய் ஊற்றி உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், அப்புறம் பழைய துணியால் துடையுங்கள். எண் தெரிந்தால் படம் போடுங்கள். எந்த கேங்குடையது என்று பார்க்கலாம்.

---

வைகைக்கரை:

எண்ணெய் தடவி மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன், ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். டீக்கடையிலும் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன்.